வினையைத் தாண்டி வையுங்கள்

அன்புள்ள ஐயா,

மருத்துவமனை ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேடுகளையும் நோயாளிகளுக்கான அறிவுரைத் தாள்களையும் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். பாதி மொழிபெயர்ப்பு, பாதி நானே எழுதுவது. சரிபார்ப்பவர் அடிக்கடி ஓரத்தில் ‘குழப்பம்’ என்று ஒரு சொல்லை எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறார். எங்கே குழப்பம் என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

எழுவாயை முதலில் வை, வினையை அதன் பக்கத்திலேயே வை என்று ஆங்கில எழுத்துப் பயிற்சி நூல்களில் படித்தேன். தமிழில் வினை கடைசியில் அல்லவா வருகிறது, பக்கத்தில் எப்படி வைப்பது? தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது, வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும் என்றும் பள்ளியில் படித்திருக்கிறேன். அப்படியானால் சொல் வரிசை என்பது ஒரு பொருட்டே இல்லையா? சமீபத்தில் திரும்பி வந்த ஒரு வாக்கியம் இது:

“மருத்துவர் நேற்று அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியின் மகனிடம் செவிலியர் கொடுத்த மருந்துகளைப் பற்றி விளக்கினார்.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்து அச்சுக்குப் போகவிருக்கும் அறிவுரைத் தாள் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

தங்கள் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் உங்கள் சரிபார்ப்பாளர் சொன்னதும் சரி. அவர் முடிச்சு எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்கலாம். காட்டினால்தானே அவிழ்க்க முடியும்.

அந்த வாக்கியத்தை நான் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. செவிலியர் மருந்துகளை மகனிடம் கொடுத்தாரா, மருத்துவர் மகனிடம் விளக்கினாரா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. நேற்று நடந்தது அறுவை சிகிச்சையா, விளக்கமா? அதற்கும் இரண்டு பதில். முதலில் வந்து நின்றுவிட்ட மருத்துவர் வேறு, தன் வினை வரும்வரை காத்திருக்கிறார். ‘முடிந்த’ வருகிறது, அவருடையது இல்லை. ‘கொடுத்த’ வருகிறது, அதுவும் இல்லை. படிக்கிறவர் அவரை நினைவில் சுமந்துகொண்டே வாக்கியத்தின் கடைசிவரை வர வேண்டியிருக்கிறது.

அறுவை சிகிச்சை நேற்று, விளக்கியது மகனிடம், இதுதான் நீங்கள் சொல்ல நினைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால்:

“செவிலியர் கொடுத்த மருந்துகளைப் பற்றி, நேற்று அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியின் மகனிடம் மருத்துவர் விளக்கினார்.”

எல்லாம் உங்கள் சொற்களே. ஒரு காற்புள்ளி சேர்த்தேன், மற்றபடி இடம்தான் மாறியிருக்கிறது. விளக்கியதுதான் நேற்று என்றால் ‘நேற்று’ என்பதைத் தூக்கி ‘விளக்கினார்’ என்பதற்கு முன்னால் வைத்துவிடுங்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தமிழ் உரைநடையில் ஒரு சொல் தன் துணையைத் தனக்குப் பின்னால் வரும் சொற்களில்தான் தேடும். அடைமொழி தனக்குப் பின்வரும் பெயரைத் தேடும். ‘முடிந்த’, ‘கொடுத்த’ போன்ற பெயரெச்சமும் அப்படியே. ‘மகனிடம்’, ‘நேற்று’, ‘மெதுவாக’ போன்றவை பின்வரும் ஒரு வினையைத் தேடும். முதலில் எது எதிர்ப்படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். உங்கள் வாக்கியத்தில் ‘மகனிடம்’ என்ற சொல்லுக்கு முதலில் எதிர்ப்பட்ட வினை ‘கொடுத்த’. பிடித்துக்கொண்டது. அதே சொல்லை ‘கொடுத்த’ என்பதற்குப் பின்னால் வைத்ததும் அந்த எச்சத்தால் அதைத் தொட முடியவில்லை. ‘மகனிடம்’ என்ற சொல்லால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு சொல்லை வேறொரு வினை பறித்துக்கொள்ளும் என்ற ஐயம் வந்தால், அந்த வினையைத் தாண்டி அந்தச் சொல்லை வையுங்கள். என் இத்தனை வருட எழுத்தில் இதைவிடப் பயன்பட்ட உத்தி வேறில்லை.

‘போயிட்டான் அவன்’ என்று பேச்சில் வினைக்குப் பின்னாலும் சொல்கிறோமே, ‘என்றார் அவர்’ என்று எழுதுகிறோமே என்று நீங்கள் கேட்கலாம். அது வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றுக்கு மட்டும் கிடைத்த சலுகை. நடுவில் நிற்கும் எச்சத்துக்கு அது கிடையாது. அதனால்தான் எச்சத்தைத் தாண்டிய இடம் அவ்வளவு பாதுகாப்பானது.

இன்னொரு வாக்கியத்தைப் பாருங்கள். “ஆசிரியர் மாணவனை அடித்த காவலரைக் கண்டித்தார்.” மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ‘ஆசிரியர் மாணவனை அடித்த’ என்னும் இடத்தில் ஆசிரியர்மீது உங்களுக்குக் கோபமே வந்திருக்கும். அடுத்த சொல் ‘காவலரை’ என்று வந்ததும்தான் அடித்தவர் வேறு ஆள் என்று தெரிகிறது. மனம் திரும்பிப்போய் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கிக்கொண்டு வருகிறது. அரைக் கணம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் இப்படிப் பத்து அரைக் கணங்கள் சேர்ந்தால் வாசகர் களைத்துப்போகிறார், ஏன் களைத்தோம் என்று அவருக்கே தெரியாது. “மாணவனை அடித்த காவலரை ஆசிரியர் கண்டித்தார்” என்று எழுதினால் ஆசிரியர்மீது விழுந்த பழி போய்விடுகிறது. ‘அடித்த’ என்பதைத் தாண்டி நிற்பதால் அது அவரைப் பிடிக்க முடியாது.

வினை இல்லாத இடத்திலும் இதே கதைதான். ‘பழைய மாணவர் பட்டியல்’ என்றால் மாணவர் பழையவரா, பட்டியல் பழையதா? ‘மாணவர்களின் பழைய பட்டியல்’ என்றால் சிக்கல் இல்லை.

இப்போது உங்கள் பள்ளிப் பாடத்துக்கு வருகிறேன். உருபு பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. யார் யாரைத் துரத்தினார் என்பதை உருபு காப்பாற்றும். உருபு மறைந்துவிட்டால் அதுவும் போகும். தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் காட்டும் ‘புலி கொல் யானை’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? அடுத்து வரும் சொல்லை வைத்து முடிவு செய்துகொள்ளலாம் என்பார்கள். யானை ஓடுகிறது என்று வந்தால் அது உயிரோடு இருக்கிறது. யானையின் கொம்பு வந்தது என்று வந்தால் செத்தது யானை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். படிப்பவர் மனத்தில் பொருள் எந்த இடத்தில் தெளிகிறது என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்பே நம்மவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

உருபு சரியாக இருக்கும்போதும் வரிசை சும்மா இருப்பதில்லை. ‘பையில் கடிதம் இருந்தது’ என்பதையும் ‘கடிதம் பையில் இருந்தது’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் கடிதத்தைப் பற்றி வாசகர் இப்போதுதான் கேள்விப்படுகிறார். இரண்டாவதில் கடிதம் ஏற்கெனவே தெரிந்தது, எங்கே என்பதுதான் செய்தி. ஒரு கடிதம், அந்தக் கடிதம் என்ற வேறுபாட்டை ஒரு சொல்லும் சேர்க்காமல் இடமே சொல்லிவிடுகிறது. தெரிந்தது முன்னே வரும், புதியது வினையை ஒட்டி நிற்கும். ‘அந்தப் புத்தகத்தை யார் எடுத்தது?’ என்று கேட்கும்போது ‘யார்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள், வினைக்கு முந்தின இடத்தில். பதிலும் அதே இடத்தில்தான் வந்து உட்கார விரும்பும். ஒரு வாக்கியத்தில் எதை அழுத்த வேண்டும் என்று தெரிந்தால் அதை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அங்கே உப்புச்சப்பில்லாத சொல் ஒன்று உட்கார்ந்திருந்தால் வாக்கியமே சோர்ந்துவிடும்.

ஆங்கில நூல்கள் சொன்னதைத் தப்பென்று ஒதுக்க வேண்டாம். எழுவாயும் வினையும் பக்கத்தில் இருக்கட்டும் என்ற அந்த விதி தமிழுக்கும் பொருந்தும். வினை இங்கே நகராது, அதனால் எழுவாய் நகர வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் நீளமான தொடர் வாக்கியத்தின் வாலுக்குப் போகும். நமக்கு நீளமானது முன்னால் வர வேண்டும், குட்டையானது வினையை ஒட்டி நிற்க வேண்டும். வினையில் முடியும் ஜப்பானிய மொழியிலும் பேசுபவர்கள் நீளமான தொடரை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று ஆய்வாளர்கள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். “அண்ணன் நான் அம்மா எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கவில்லை என்று கோபித்துக்கொண்டான்” என்று எழுதிப் பாருங்கள். மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவருக்கும் இன்னும் வேலை கொடுக்கவில்லை. “அம்மா எழுதிக் கொடுத்த மருந்தை நான் வாங்கவில்லை என்று அண்ணன் கோபித்துக்கொண்டான்.” வந்தவர் வந்தவுடன் வேலையை முடித்துவிட்டுப் போகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் நான் இதற்கு நேர்மாறாகச் செய்வேன். ஒருவர் சொன்னதை ஐந்தாறு வரிக்கு எழுதிக் கடைசியில் ‘என்று மருத்துவர் கூறினார்’ என்று முடித்தால், யார் பேசுகிறார் என்று தெரியாமலே வாசகர் அவ்வளவு தூரம் வருகிறார். அங்கே பேசுபவரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘மருத்துவர் சொன்னது இது’ என்று ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அவர் பேச்சைத் தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

சொற்களை எப்படியும் மாற்றிப் போடலாம் என்ற எண்ணம் நமக்குச் செய்யுளிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர். அது எட்டு வகை என்று நன்னூல் சொல்கிறது. அதில் ஒன்று மொழிமாற்று. அதற்குக் காலங்காலமாகக் காட்டப்படும் செய்யுள் ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்று தொடங்கும். சுரைக்காய் மூழ்குகிறதாம், அம்மி மிதக்கிறதாம். யானை நீந்த வேண்டிய சுனையில் முயல் நிற்கிறதாம். படிப்பவர் மாற்றிக் கூட்டிக்கொள்ள வேண்டும். அது ஏன் முடிகிறது? சுரை மிதக்கும், அம்மி மூழ்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். செவிலியர் மருந்தை யாரிடம் கொடுத்தார் என்பது உங்கள் கையேட்டைப் படிப்பவருக்கு முன்பே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே படிக்கிறார். அந்த எட்டில் உரைநடைக்கு ஏற்றது யாற்றுநீர்ப் பொருள்கோள். ஆற்று நீர் மேலிருந்து கீழே ஓடும், திரும்பிப் பார்க்காது.

இடம் மாற்றுவதால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றிய பேச்சு. “உங்களைப் போல் நான் அவரை வெறுக்கவில்லை” என்று எழுதிவிட்டேன். உங்களுக்கும் வெறுப்பில்லை, எனக்கும் வெறுப்பில்லை என்பது என் எண்ணம். நீங்கள் வெறுக்கிறீர்கள், நான் அப்படி இல்லை என்று அவர் படித்தார். ஏழெட்டு மாதம் என்னோடு பேசவில்லை. காரணம் தெரிந்தபோது அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் படித்ததுதான் இயல்பான வாசிப்பு. ‘போல்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒரு வாக்கியத்தில் சேர்ந்தால் சொற்களை எங்கே நகர்த்தினாலும் இரட்டைப் பொருள் போகாது. “நீங்கள் அவரை வெறுக்கவில்லை. நானும் வெறுக்கவில்லை.” இப்படி இரண்டாக உடைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ‘போல்’ வரும் எதிர்மறை வாக்கியம் எதையும் நான் உடைக்காமல் விடுவதில்லை.

‘நான் தவறு செய்துவிட்டேன் என்று அவர் சொன்னார்’ என்பதும் இந்த வகைதான். தவறு யாருடையது? அவருடையது என்றால் ‘தான் தவறு செய்துவிட்டதாக’ என்று சொல்லையே மாற்றுங்கள்.

கடைசியாக, நீங்கள் இணைத்த அறிவுரைத் தாள். பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. நான்காவது வரியைப் பார்த்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. “இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு தாய் படிப்பாள். காய்ச்சலுக்கு இந்த மருந்தை இரண்டு நாட்களுக்கு மேல் தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்று இன்னொரு தாய் படிப்பாள். முதல் தாய் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து எண்ணுகிறாள், இரண்டாமவள் மருந்து தொடங்கியதிலிருந்து எண்ணுகிறாள். இரண்டாவதுதான் பொருள் என்றால், “காய்ச்சல் இருந்தால் குழந்தைக்கு இந்த மருந்தை இரண்டு நாட்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது” என்று ‘இருந்தால்’ என்பதைத் தாண்டி அந்த நாட்கணக்கை வைத்துவிடுங்கள். முதலாவது என்றால், “காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால்” என்று தொடங்குங்கள்.

இரண்டில் எது என்று நான் ஊகிக்கக் கூடாது, நீங்களும் ஊகிக்க வேண்டாம். தாள் அச்சுக்குப் போகுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இன்றே கேளுங்கள்.

அன்புடன்.