காடு கேட்ட கேள்விகள்: பூஜ்யமும் வெற்றுக் கட்டமும்

கேள்வி: மரத்தில் கட்டிய தானியங்கி கேமராக்களை வைத்து, காட்டில் விலங்குகள் குறைந்துவிட்டன என்கிறார்கள். ஒரே மான் பத்து முறை நடந்தால் பத்து மானாகிவிடாதா? படத்தில் விழாத மான் காட்டில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பதில்: தலையை எண்ணினால் பத்தாகிவிடும்தான். புலிக்கு உடல் வரி கைரேகை மாதிரி. கர்நாடகத்தின் நாகரஹோளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் அந்த வரிகளை வைத்துத்தான் புலிகளின் தொகையைக் கணக்கிட்டார். கடமானுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எத்தனை கடமான் என்று கேட்காமல், எத்தனை இடத்தில் கடமான் என்று கேட்கிறோம். 60 இடம், இடத்துக்கு 30 நாள், ஆண்டுதோறும் அதே இடம், அதே பருவம். நோட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் நாளுக்கு ஒரு கட்டம். ஒரே மான் பத்து முறை வந்தாலும் அன்றைய கட்டத்தில் ஒரு 1 மட்டுமே. வராத நாளுக்கு 0.

மான் நடமாடும் இடத்திலேயே முப்பது நாளில் நான்கு நாள்தான் படம் விழுகிறது என்றால், அது எவ்வளவு எளிதில் கண்ணில் படாது என்பது தெரிந்துவிடுகிறது. முழுக்கப் பூஜ்யமான இடங்களில் எத்தனை உண்மையிலேயே காலி என்பதை அதிலிருந்து கணிக்கலாம்.

நான் சறுக்கியதும் இந்தப் பூஜ்யத்தில்தான். நான் இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில், 12ஆம் நாள் ஒரு யானை கேமராவைத் திருப்பிவிட்டது. கடைசிப் படத்தில் துதிக்கை நுனி, ஈரமும் மயிருமாக. பிறகு வெறும் இலையும் வானமும். மீதி 18 கட்டங்களிலும் நான் 0 போட்டேன். எறும்பு குடியேறி நின்றுபோன மூன்று கேமராக்களுக்கும் அப்படியே. கடமான் சரிந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. மூத்தவர் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் எத்தனை நாள் கண் திறந்திருந்தது?" என்று மட்டும் கேட்டார். பூஜ்யங்களை அழித்துக் கட்டங்களை வெறுமையாக விட்டதும் பாதிச் சரிவு காணாமல் போனது. மறு பாதி அப்படியே நின்றது.

கேள்வி: அப்படியானால் காப்புக்காடுகளிலும் விலங்குகள் அழிந்துகொண்டுதான் இருக்கின்றனவா?

பதில்: பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். 'டீம்' என்ற வலையமைப்பு, வெப்பமண்டலத்தின் 15 பாதுகாக்கப்பட்ட காடுகளில் இதே முறையில் 244 இனங்களைக் கவனித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. ஓர் இனம் ஒரு காட்டில் இருப்பதை ஒரு கணக்காகக் கொண்டால் மொத்தம் 511. அவற்றில் 22 விழுக்காடு குறைந்திருந்தன, 17 விழுக்காடு கூடியிருந்தன, 22 விழுக்காட்டில் மாற்றமில்லை. எஞ்சியவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் படமே விழவில்லை. எனக்கு உறுத்துவது இந்தக் கடைசிக் கூட்டம்தான். அரிதான விலங்கைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். கேமராவுக்கு அதிகம் அகப்படாததும் அதுவே.

கேள்வி: கேமரா வைத்தால் கண்ணி வைப்பவர்கள் பயப்படுவார்களா?

பதில்: சிலர் கேமராவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். நோட்டில் அந்த நாட்களும் வெற்றுக் கட்டம்தான்.