ஆடிஷனுக்குக் குரல் போதும், ஆதார் எதற்கு?

கேள்வி: ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ் ஒலிப்புத்தகச் செயலிக்குக் குரல் தேவை என்று வாட்ஸ்அப் குழுவில் வந்ததைப் பார்த்து, இரண்டு நிமிடம் பேசி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் தேர்வாகிவிட்டேன் என்றார்கள். பதிவுக் கட்டணம் 2,999 ரூபாய், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். 'ஃபைனல் ஆடிஷன்' என்று 40 பக்கம் அனுப்பி வாசிக்கச் சொல்கிறார்கள். ஆதார் நகல் அனுப்பிவிட்டேன், பணம் இன்னும் கட்டவில்லை. என் தோழி கட்டிவிட்டாள். இது நிஜமா? ஆன்லைனில் ஆடிஷன் அனுப்பவே கூடாதா ஐயா?

பதில்: பணம் கட்டாதீர்கள். அந்த 40 பக்கத்தையும் வாசிக்காதீர்கள். ஆனால் ஆடிஷன் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்று வாய்ஸ் ஓவர் வேலையில், அதாவது விளம்பரம், ஒலிப்புத்தகம் போன்றவற்றுக்குக் குரல் கொடுக்கும் வேலையில், பெரும்பகுதி வீட்டிலிருந்து அனுப்பும் ஒலிக்கோப்பில்தான் தொடங்குகிறது.

முதலில் அந்தப் பத்து நிமிடம். உங்கள் குரல் நன்றாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தொழிலில் யாரும் யாரையும் பத்து நிமிடத்தில் தேர்வு செய்வதில்லை. ஏஜென்சி ஒரு கூட்டம் குரல்களைக் கேட்டு, அதில் நாலைந்தைக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனிக்காரர் தன் வீட்டம்மாவிடம் போட்டுக் காட்டுவார். இரண்டு வாரம் கழித்து "விளம்பரமே தள்ளிப்போய்விட்டது" என்பார்கள். பெரும்பாலும் அதைக்கூடச் சொல்லமாட்டார்கள். அவசர அவசரமாக வாழ்த்துச் சொல்கிறவருக்கு உங்கள் குரல் தேவைப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் என்பது தூண்டில்தான். 2,999 கட்டினால் அதற்கு ஜிஎஸ்டி கேட்பார்கள், அப்புறம் ஒப்பந்தப் பத்திரச் செலவு, அப்புறம் சம்பளத்தை விடுவிக்க ஒரு தொகை. இன்னொரு வகையும் உண்டு. பணமே கேட்காமல் ஒப்பந்தம் ஒன்றை அனுப்பிச் சம்மதம் வாங்குவார்கள். நீங்கள் வாசித்து அனுப்பியதும் "தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி ஏமாற்றியவர்களின் பழைய வித்தை இது. வாட்ஸ்அப்பில் வருகிற அந்த நோட்டீஸைப் பார்த்துப் பயந்து பணம் அனுப்பாதீர்கள்.

அப்படியானால் பணம் கேட்கிற எல்லாரும் திருடர்களா என்றால், ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் அதைக் காட்டித்தான் தப்பிக்கிறார்கள். வாய்சஸ் டாட் காம், வாய்ஸ்123 போன்ற வெளிநாட்டுத் தளங்கள் குரல் கலைஞர்களிடம் உறுப்பினர் கட்டணம் வாங்குகின்றன. அது மோசடி இல்லை. ஆனால் அந்தக் கட்டணம் என்ன என்பது அவர்கள் தளத்திலேயே எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். தளத்துக்குள்ளேயே கட்டலாம், தனி ஆள் ஒருவரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்லமாட்டார்கள். முக்கியமாக, நீங்கள் கட்டுவது ஆடிஷன் வாய்ப்புகளைப் பார்ப்பதற்கான சந்தா. இந்த வேலை உங்களுக்குத்தான் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. "அவங்களும்தானே மேடம் காசு வாங்குறாங்க" என்று உங்களிடம் பணம் கேட்கிறவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். இத்தனையும் சொன்னபிறகும், தமிழில் மட்டும் பேசுகிற புதியவருக்கு அந்தச் சந்தா கட்டுப்படியாகாது என்பதுதான் என் கருத்து. சினிமா, சீரியல் டப்பிங்குக்குச் சங்க உறுப்பினர் அட்டை என்பது தனி விஷயம், அதற்குச் சங்க அலுவலகத்தில் ரசீதோடு கட்டவேண்டும். "கார்டு வாங்கித் தருகிறேன்" என்று நடுவில் வருகிற கோஆர்டினேட்டரிடம் கட்டக்கூடாது.

நடுவில் வருகிறவர்கள் என்றதும், டெமோ பேக்கேஜ்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். வார இறுதியில் இரண்டு நாள் பயிற்சி, ஒரு டெமோ ரீல் (வாய்ப்புக் கேட்கும்போது அனுப்புகிற மாதிரிக் குரல் பதிவு), நூறு சதவீத வேலைவாய்ப்பு, எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம். பயிற்சி கொடுக்கட்டும், காசு வாங்கட்டும். ஆனால் வேலைக்கு உத்தரவாதம் தர அவர்களால் முடியாது, என்னாலும் முடியாது. போர்வையைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மின்விசிறியை அணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் உங்கள் டெமோவை நீங்களே பதிவு செய்யலாம்.

அந்த 40 பக்கத்துக்கு வருகிறேன். எனக்குப் பணத்தைவிடப் பயம் இதில்தான். ஆடிஷன் என்றால் முப்பது நொடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். ஒலிப்புத்தகமானாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் உங்கள் வாசிப்பு எப்படி என்று தெரிந்துவிடும். அதற்குமேல் கேட்டால், ஒன்று உங்கள் ஆடிஷனையே இலவசமாகப் புத்தகமாக்கி விற்கப் போகிறார்கள், இல்லையென்றால் செயற்கைக் குரலுக்குப் பயிற்சிப் பொருளாக்கப் போகிறார்கள். கொடுத்த பக்கங்களைப் பாருங்கள். கதையாக இல்லாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாக்கியங்கள், எண்கள், ஊர்ப்பெயர்கள், கேள்விகள் என்று கலந்திருந்தால் இரண்டாவதுதான். குரல் தரவு வேலை என்று வெளிப்படையாகச் சொல்லிக் காசு பேசி வாங்குவது வேறு, ஆடிஷன் என்று சொல்லி வாங்குவது திருட்டு.

இப்போது சில நிமிடப் பதிவே ஒரு குரலைப் போலி செய்யப் போதும். ஆகவே முழுப் பாதுகாப்பு கிடையாது. செய்யக்கூடியது இவ்வளவுதான்: அடியில் மெல்லிய இசை ஓடவிடுங்கள், இடையில் உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள், எம்பி3 மட்டும் அனுப்புங்கள், முழுத்தரத்தில் இருக்கும் டபிள்யூஏவி கோப்பு முன்பணம் வந்தபிறகு. ஒரு குரலை அனுமதியின்றி நகலெடுப்பது தவறு என்று 2024-இல் பாடகர் அரிஜித் சிங் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நல்லது. ஆனால் ஈரோட்டு ஆசிரியை அதே கதவைத் தட்ட வக்கீல் கட்டணத்துக்கு எங்கே போவார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை ஆடிஷன் அழைப்பு வந்தால், எதற்கான குரல், எங்கே எவ்வளவு காலம் ஒலிக்கும், எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். உண்மையான தயாரிப்பாளர் எரிச்சலோடாவது பதில் சொல்வார். ஜிஎஸ்டி எண்ணையும் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33-இல் தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் இருக்கிறது என்று இலவசமாகவே பார்க்கலாம். பெயரும் எண்ணும் பொருந்தினாலும் அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள தொலைபேசிக்கு ஒருமுறை பேசிவிடுங்கள், எண்ணைக்கூடத் திருடி அனுப்புகிறார்கள். பான் எண் டிடிஎஸ் (சம்பளத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடிப்பதற்காக வேலை உறுதியானபின் தேவைப்படும், ஆடிஷனுக்குத் தேவையே இல்லை. பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் போடச் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

உங்கள் தோழி உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்கட்டும், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு. சில நேரம் லைன் கிடைக்காது, விடாமல் முயலவேண்டும். காவல் நிலையத்தில் "எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பப் பார்த்தால், 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று சொல்லச் சொல்லுங்கள். சட்டத்தை நாம் எடுத்துச் சொல்லவேண்டியிருப்பது கொடுமைதான்.

நீங்கள் ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக் போட்டு, உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவை யாரும் பயன்படுத்தாதபடி பூட்டிவிடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் புது சிம் ஏதும் வாங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இனி யாருக்காவது ஆதார் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். அந்த வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்வதற்கு முன்னால், இன்றைக்கே எல்லா மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்திவிட்டால் தோழியின் புகாருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.