சின்னக் கீறல் பைபாஸும் ஸ்டென்டும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. ஒன்றுக்கு பைபாஸ், இரண்டுக்கு ஸ்டென்ட் என்கிறார்கள். எதற்கு இரண்டும், டாக்டர்?

பதில்: இதயத்தின் முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி. குழாய்தான் முக்கியம். மார்பின் உள்ளே ஓடும் இடது தமனியை அதில் தைத்தால், பத்து ஆண்டு கழித்தும் சுமார் 90 சதவீதம் பேருக்குத் திறந்திருக்கும். மற்ற குழாய்களுக்கு வழக்கமாகக் காலிலிருந்து எடுத்துத் தைக்கும் சிரைகளில் அதற்குள் பாதிக்கு அருகில் அடைத்துவிடும். அந்தச் சிரைக்குப் பதிலாகத்தான் மருந்து பூசிய ஸ்டென்ட். 1996-லேயே பிரிஸ்டலின் ஆஞ்சலினி குழு இந்த முறையை வெளியிட்டது.

கேள்வி: நெஞ்செலும்பை அறுப்பார்களா?

பதில்: இல்லை. இடது மார்புக்குக் கீழே, நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில் 5 முதல் 7 செ.மீ. கீறல். இதயம் துடித்தபடியே இருக்கும். தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமல் பிடித்துக்கொள்ளும். இடது நுரையீரலைச் சுருக்கி வைப்பதால் கடுமையான நுரையீரல் நோயாளிகளுக்கு ஒத்துவராது. விலாவை விரிப்பதால் முதல் சில நாள் வலி நன்றாகவே இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எதை முதலில் செய்வார்கள்?

பதில்: பெரும்பாலும் பைபாஸ் முதலில், சில நாள் முதல் சில வாரத்துக்குள் ஸ்டென்ட். அப்போதுதான் ஸ்டென்ட் வைத்தவர் சாப்பிட வேண்டிய இரட்டை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை அறுவையின்போது தேவைப்படாது. ஸ்டென்ட் வைக்க வரும்போது சாயம் செலுத்தி, தைத்த இணைப்பையும் பார்த்துவிடலாம். எல்.ஏ.டி. அல்லாத வேறு குழாய் அடைத்து மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் முந்தும். அங்கேதான் சிக்கல்: மாத்திரையை நிறுத்தினால் புது ஸ்டென்டில் ரத்தம் உறையும், நிறுத்தாவிட்டால் அறுவையில் ரத்தம் நிற்காது. ஒரே நாளில் இரண்டையும் செய்தாலும் இதே இழுபறிதான். சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாயத்தின் சுமையும் சேரும்.

கேள்வி: அப்பா ஏற்கெனவே குளோபிடோக்ரெல் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: வழக்கமாக அறுவைக்கு 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், அதே வகை மாத்திரையான பிராசுக்ரெல் என்றால் 7 நாள். ஆஸ்பிரின் தொடரும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: யாருக்கு இது வேண்டாம்?

பதில்: எல்.ஏ.டி. தசைக்குள் புதைந்திருந்தால் சின்னக் கீறல் வழியாகத் தேடுவது கடினம். இடது கைக்குப் போகும் தமனியிலிருந்துதான் தைக்கும் மார்புத் தமனி பிரிகிறது; அது சுருங்கியிருந்தால் ஒட்டுக்கே ரத்தம் போதாது. இரு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தால் சந்தேகம் வந்துவிடும். மற்ற குழாய்களில் சுண்ணாம்பு இறுகி, ஸ்டென்ட் சரியாக விரியாது என்று தெரிந்தால் வழக்கமான பைபாஸே மேல்.

கேள்வி: பைபாஸ் முடிந்து நெஞ்சுவலியே இல்லை. ஸ்டென்டைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடாது. மீதி இரண்டு அடைப்பும் அப்படியேதான் இருக்கின்றன. வீட்டுக்குப் போகும் முன்பே ஸ்டென்டுக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.