பத்துக்கு நான்கு வாங்கிய பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் வரும் ஆகஸ்டில் கிண்டர்கார்டன் போக வேண்டும். எங்கள் முகவரிக்கு உரிய அரசு தொடக்கப் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு நான்கு என்று ரேட்டிங் போட்டிருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் மதிய உணவுச் சலுகை பெறுபவர்கள். மூன்றில் ஒரு பிள்ளை இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறதாம். “இந்தக் கூட்டத்தில் போய் நம்ம பொண்ணு என்ன படிக்கும்?” என்கிறார் கணவர். ஒன்பது ரேட்டிங் உள்ள பகுதியில் வீடு வாங்கக் கடனுக்கு அலைகிறார். மாதத் தவணை இப்போதைய வாடகையைப் போல இரண்டு மடங்கு. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் பயமாகவும் இருக்கிறது. இன்னொன்று: சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி ‘ஆங்கிலம்’ என்றே எழுதச் சொல்கிறார்கள் தோழிகள். என்ன செய்ய?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இவ்வளவு பெரிய கடனை அந்த நான்கை நம்பி வாங்குவதற்கு முன், அது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2002-இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், மாநிலங்கள் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும் என்றது. 2015-இல் வந்த சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆக, நீங்கள் பார்க்கும் ரேட்டிங் பெருமளவு மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் இருந்து வருவது. உங்கள் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகப்போகும் முதல் மூன்று ஆண்டுகளில் அந்த மாநிலத் தேர்வே கிடையாது.

அடுத்தது, அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்பது. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் கேட்டுக்கொண்டபடி, ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1966-இல் வெளிவந்தது. மாணவர்களின் மதிப்பெண் வேறுபாடுகளுக்கும் பள்ளியின் வசதிகளுக்கும் இருந்த தொடர்பைவிட, குடும்பப் பின்னணியோடு இருந்த தொடர்பு வலுவானது என்று அது காட்டியது. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் பள்ளியால் பயனில்லை’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது தவறு. ஒரு நாள் எழுதும் தேர்வில், பிறந்தது முதல் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததும் கிடைக்காததும் சேர்ந்தே தெரிகிறது. வீட்டில் புத்தகம் இருந்ததா, அம்மாவுக்கு இரவு ஷிஃப்டா, வாடகை கட்ட முடியாமல் நடு ஆண்டில் வீடு மாறினார்களா, எல்லாம். ஏற்கெனவே உயரமாக வந்து சேர்ந்த பிள்ளையை அளந்து காட்டி, வளர்த்தது நாங்கள்தான் என்று ஒரு பள்ளி சொல்லிக்கொள்ளலாம். குட்டையாக வந்த பிள்ளையை நான்கு அங்குலம் வளர்த்த பள்ளிக்கு அந்த அளவுகோலில் பேரே கிடைக்காது.

எனவே வளர்ச்சியைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதிலும் இருந்து இந்தத் தேர்வு மதிப்பெண்களைத் திரட்டி ஆராய்ந்தவர். சராசரி மதிப்பெண் பெற்றோரின் வசதியோடு ஒட்டியே போகிறது, ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வசதிக்கும் தொடர்பு குறைவு என்று அவர் கண்டார். சிகாகோ நகர அரசுப் பள்ளிகளைப் பாருங்கள். அங்கே பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் மதிப்பெண் குறைவுதான். ஆனால் 2009-க்கும் 2014-க்கும் இடையே, மூன்றாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்புக்குப் போன ஐந்து ஆண்டுகளில் அவர்கள் ஏறக்குறைய ஆறு ஆண்டுப் படிப்பை எட்டியிருந்தார்கள். வெறும் சராசரியைப் பார்த்து வீடு தேடுகிறவர்கள் அந்தப் பள்ளிகளின் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள்.

சில தளங்கள் இப்போது வளர்ச்சியையும் ரேட்டிங்கில் சேர்க்கின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கலக்கியதை நம்பாதீர்கள். உங்கள் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் அறிக்கை அட்டை இருக்கும். இனம், வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்போர் என்று பிரித்து மதிப்பெண்ணை வெளியிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு பள்ளிகளிலும், குறைந்த வருமானப் பிரிவில் சேராத பிள்ளைகளின் மதிப்பெண்ணை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். நான்குக்கும் ஒன்பதுக்கும் இடையே இருந்த தூரம் அங்கே எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணவரிடம் காட்டுங்கள். ஓராண்டுக் கணக்கோடு நிறுத்த வேண்டாம். ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் ஒரு பிள்ளையே கிட்டத்தட்ட 1.7 சதவீதம். நான்கு பேருக்குக் காய்ச்சல் வந்தாலும் எண் ஆடிவிடும்.

உங்களைப் பயமுறுத்திய மற்ற இரண்டு எண்களும் பார்த்த மாத்திரத்தில் நம்பக்கூடியவை இல்லை. வறுமைக்கோட்டு வருமானத்தின் 130 சதவீதம் வரை இருந்தால் இலவச உணவு, 185 சதவீதம் வரை குறைந்த விலை உணவு. அதுதான் பொதுவான கணக்கு. ஆனால் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தகுதி பெறும் பள்ளிகள் தனித்தனி விண்ணப்பம் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே போடலாம். அதனால் இந்த எண்ணை வைத்து இரண்டு பள்ளிகளின் வறுமையை ஒப்பிடுவது கடினமாகிவிட்டது. ஆங்கிலம் கற்போர் கணக்கு இன்னும் மோசம். ஆங்கிலம் தேறிய பிள்ளை அந்தப் பட்டியலில் இருந்து விலகிவிடும், புதிதாக வந்த பிள்ளை உள்ளே வரும். அதனால் எவ்வளவு நல்ல பள்ளியிலும் அந்தப் பிரிவின் மதிப்பெண் தாழ்வாகவே தெரியும்.

‘இந்தக் கூட்டம்’ என்று உங்கள் கணவர் சொன்னது எனக்கு வலிக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. வேறு மொழி பேசும் வீட்டில் இருந்து, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். உங்கள் மகளும் அப்படித்தான். அவள் பெயரைப் பட்டியலில் பார்த்து இன்னொரு அப்பா அதே வார்த்தையைச் சொன்னால் உங்கள் கணவருக்கு எப்படி இருக்கும்?

பள்ளிக்கு நேரில் போங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் டைட்டில் ஒன் நிதி வரும். குறைந்தது 40 சதவீதம் பேர் ஏழைப் பிள்ளைகள் என்றால் அதைப் பள்ளி முழுமைக்கும் செலவிடலாம். அந்தப் பணத்தை என்ன செய்கிறீர்கள் என்று பிரின்சிபாலிடம் கேளுங்கள். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளையை எந்த மாதத்தில் கண்டுபிடிக்கிறீர்கள், பிறகு யார் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள், வராத பிள்ளைகள் எத்தனை பேர்? தடுமாறாமல் பதில் சொல்லும் பிரின்சிபால் அமைந்தால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். எல்லாப் பிரிவிலும் வளர்ச்சி தேய்ந்து, ஆண்டுதோறும் ஆசிரியர்களும் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் கணவர் சொல்வதே சரி, வேறு பள்ளி பாருங்கள்.

அப்போதும் இரட்டைத் தவணையை யோசித்துத்தான் ஏற்க வேண்டும். அதைக் கட்ட இருவரும் இரவு ஒன்பது வரை வேலை பார்த்தால், மகளை மடியில் வைத்துக் கதை வாசிக்க யார் இருப்பார்கள்? குடும்பத்தின் பங்கு அவ்வளவு பெரிது என்று அந்த 1966 ஆய்வு சொன்னது உங்களையும் சேர்த்துத்தான்.

படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசிய மாணவர்கள் தொடுத்த வழக்கில், ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு உதவாமல் வகுப்பில் சும்மா உட்கார வைப்பது சட்டமீறல் என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்வி படிவத்தில் இருப்பது அப்படி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். தமிழ் என்று எழுதினால் மகளுக்கு ஓர் ஆங்கிலப் பரிசோதனை வைப்பார்கள். நன்றாகப் பேசினால் அதோடு முடிந்தது. உதவி தேவை என்று தெரிந்தால், பள்ளி ஆண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தனி வகுப்பு வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அவள் தேறும் வரை ஆண்டுதோறும் ஆங்கிலத் திறன் தேர்வு மட்டும் தொடரும். கடிதம் வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். எத்தனை நேரம், யார், எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று ஆசிரியரைப் பார்த்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அந்தச் சந்திப்புக்குக் கணவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்.