பாங்காக்கில் காரமில்லாமல், 100 பாட் (தாய்லாந்து நாணயம்) செலவுக்குள்

பாங்காக்குக்கு வேலைக்கு வந்ததிலிருந்து காரத்தால் வயிறு எரிகிறது, ஒரு வேளைக்கு 100 பாட்தான் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். 'காவ் மன் காய்' என்னும் கோழிச் சோறு சாப்பிடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வேகவைத்த முழுக்கோழி தொங்கும் சிறு கடையைத் தேடுங்கள். பெரும்பாலும் 50, 60 பாட்தான் ஆகும். கோழிச் சாற்றில் இஞ்சி, பூண்டோடு வெந்த சோறு, அதன்மேல் கோழித் துண்டுகள், ஓரத்தில் வெள்ளரிக்காய், கூடவே தெளிந்த சூப். அந்தச் சூப்பைச் சூடாக முதலில் குடியுங்கள், அவ்வளவு இதமாக இருக்கும்! மிளகாய் தனிக் கிண்ணத்துச் சாஸில்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள். பொரித்த கோழியும் வைத்திருப்பார்கள், இப்போதைக்கு வேண்டாம். இரவானால் 'சோக்' என்னும் அரிசிக்கஞ்சி நல்லது; அதில் வழக்கமாகப் பன்றி இறைச்சி உருண்டை போடுவார்கள், ஆகாதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எரிச்சல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.