மழையும் இல்லை, மின்னலும் இல்லை. டிவி, ஃபிரிட்ஜ், மோடம் மூன்றும் ஒரே நிமிடத்தில் எரிந்தது எப்படி?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்திருக்கும், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கும்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் மும்முனை இணைப்புதான்: மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிகள் மூன்று, நியூட்ரல் ஒன்று. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400. நியூட்ரல் போய்விட்டால் வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள முகப்பின் விளக்கும் இரண்டாம் கட்டின் மோட்டாரும் ஒரே சங்கிலியில் கோத்ததுபோல அந்த 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். பங்கீடு நியாயமாக இருக்காது: குறைந்த மின்சாரம் இழுக்கும் பக்கத்துக்கே அதிக வோல்ட். அந்தப் பக்கத்தில் இருக்கும் மோடம் போன்றவை எரிவது அதனால்தான்.

எங்கள் வீட்டில் ஒருமுறை இப்படி ஆனபோது, வளவில் (நடு முற்றத்தில்) தொங்கிய குண்டு பல்பு கண் கூசும்படி வெளுத்தது; அடுப்படி பல்பு சிவந்து மங்கியது. இந்த அறிகுறியைக் கண்டால் யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழவில்லை? அது மின்னோட்டத்தைத்தான் பார்க்கும், வோல்ட்டை அல்ல. மிகை வோல்ட்டில் தானே துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு ஃபிரிட்ஜ் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியை இணைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.