வேலை மாறி ஊர் போன செலவுக்கு வரிவிலக்கு உண்டா?

கேள்வி: கோவை வேலையை விட்டுவிட்டு 2025 அக்டோபரில் புனேயில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். இடம் மாறும் செலவுக்கு என்று ரூ.1,50,000 தந்தார்கள், அதிலும் வரி பிடித்துவிட்டார்கள். என் மனைவி வேலையை இழந்தார், மகனுக்கு இரண்டாம் முறை பள்ளிக் கட்டணம் கட்டினேன், மனிதவளப் பிரிவில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. இரண்டு சம்பளமும் சேர்ந்து இந்த ஆண்டு வருமானம் ரூ.19 லட்சம், புதிய வரி முறை. நண்பர் சொன்னபடி லாரிக்காரரிடம் ரூ.1,50,000-க்கு பில் வாங்கி ரிட்டர்னில் விலக்கு கேட்கலாமா? ஏப்ரலில் போனஸ் வந்ததும் ராஜினாமா செய்யப்போகிறேன்.

பதில்: பள்ளிக் கட்டணமும் மனைவியின் வேலையும் வரிச் சட்டத்தின் கண்ணில் படாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்களை இடமாற்றம் செய்தார்களா, நீங்களாகப் புதிதாகச் சேர்ந்தீர்களா?

ஒரே நிறுவனம் ஊர் மாற்றிப் படி கொடுத்தால், மூட்டை கட்டிய கூலிக்கும் லாரி வாடகைக்கும் உண்மையில் செலவான அளவுக்கு 10(14) பிரிவில் விலக்கு உண்டு. புதிய வரி முறையிலும் அது நீடிக்கிறது. நீங்கள் போனதோ புது வேலைக்கு. அதையும் இடமாற்றம் என்று வாதாடலாம்தான். நான் அந்த வழக்கை எடுக்க மாட்டேன். சேரும்போது மொத்தமாகக் கிடைத்த பணம் சம்பளமே. கைக்காசில் செய்த செலவுக்கும் தனிக் கழிவு கிடையாது. நிலையான கழிவு ரூ.75,000, அதோடு சரி. உங்கள் வருமானத்துக்கு இந்தத் தொகையின் மீதான வரி ரூ.31,200. இதற்காக மேல்முறையீடு என்று அலைந்தால் ஆடிட்டர் கட்டணமே அதைத் தாண்டிவிடும்.

பில் யோசனையை இன்றே கைவிடுங்கள். இப்படி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்த ஒருவரின் பில்லில், லாரி கிளம்பிய தேதி அவர் புது வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கு முந்தியது. பில் கொடுத்தவரின் ஜிஎஸ்டி பதிவு எப்போதோ ரத்தாகியிருந்தது. வங்கி வழியே போன பணம் பில் தொகையில் பாதிகூட இல்லை. அதிகாரிக்கு இந்த மூன்று தாள்களே போதும். 2025 ஜூலையில் போலி விலக்குகளைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது நினைவிருக்கட்டும். பொய்க் கணக்கு என்று தீர்மானித்தால் 270ஏ பிரிவில் அபராதம் வரியைப்போல இரண்டு மடங்கு. அதாவது ரூ.31,200-ஐ மிச்சம் பிடிக்கப் போய், அந்த வரியோடு ரூ.62,400-ம் வட்டியும் கட்டுவீர்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி வாக்கியம். நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 'ஓர் ஆண்டுக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்' என்ற வரி அநேகமாக இருக்கும். உங்கள் கைக்கு வந்தது ரூ.1,18,800, அவர்கள் கேட்கப்போவது ரூ.1,50,000. இந்த நிதியாண்டுக்குள் திருப்பித் தந்தால், பிடித்த வரியை நிறுவனமே அடுத்த பிடித்தத்தில் சரிக்கட்ட 192(3) பிரிவு இடம் தருகிறது. ஏப்ரலுக்குப் போய்விட்டால் அந்த ஆண்டின் கணக்கு முடிந்துவிடும். வரி அரசிடம், தொகை நிறுவனத்திடம், நட்டம் உங்களிடம். முன்னறிவிப்புக் காலம் முழுதும் வேலை பார்க்காமல் விலகியதற்காக நிறுவனம் திருப்பிப் பிடித்த 'நோட்டீஸ் சம்பள'த்துக்கு வரி இல்லை என்று தீர்ப்பாயத்தில் ஜெயித்தவர்கள் உண்டு. உங்கள் பணத்துக்கும் அது பொருந்தும் என்று நிலைநாட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதற்குள் பணி விடுவிப்புக் கடிதத்தை நிறுத்திவைத்து உங்களை வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

ஆகவே வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், சமரசம் பேசுங்கள். வேலை பார்த்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும், அதையும் மார்ச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள், வாய்ச்சொல் செல்லாது. மறுத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு அக்டோபர் வரை இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: கோவைச் சம்பளத்தை 12பி படிவத்தில் புனே நிறுவனத்துக்குக் காட்டினீர்களா? காட்டாவிட்டால் இரண்டு இடத்திலும் ரூ.75,000 கழித்து, இரண்டு இடத்திலும் அடிமட்ட விகிதத்திலிருந்து வரி போட்டிருப்பார்கள். ரிட்டர்ன் போடும் நாளில் வரும் பாக்கி, ரூ.31,200-ஐ மறக்கடித்துவிடும். மார்ச் சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.